காணாமற்போன லூப்பின் தாள்

2009 மே 19, செவ்வாய். காலை 9.10.

அரிசோனாவிலிருந்து வந்திருந்த விஞ்ஞானி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சை ஒரு பக்கமாகத் திருப்பி விட்டபடி, சிவப்பு மட்டை உறையைத் திறந்தார். உள்ளே பூ இல்லை. பூ ஒட்டியிருந்த தாளும் இல்லை. அவர் உறையை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். படித்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். இரண்டாம் முறையும் இல்லை.

இடம், ரொறன்ரோவில் குயின்ஸ் பார்க்குக்குப் பின்னால் ஒரு கல்லூரியின் உலர்தாவரக் காப்பகம். உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் பிடுங்கிய செடிகளை அழுத்திக் காயவைத்து, தடித்த மட்டைத் தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் இன்ன செடி, இன்ன இடம், இன்னார் கண்டது, இன்ன நாள் என்று ஒரு சீட்டும் ஒட்டி, இரும்பு அலுமாரிகளில் அடுக்கியிருந்தார்கள். மூன்று லட்சம் செடிகள். ஒன்றாவது தண்ணீர் கேட்டதில்லை. அங்கே வேலை செய்த நாலு பேரும் தமிழர். இது எப்படி நேர்ந்தது என்று நிர்வாகம் ஒருமுறை ஆராய்ந்ததாம். சம்பளத்தை அறிந்தவர்களுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

காணாமற்போனது ஒரு பாலைவன லூப்பின், அவரை இனத்துப் பூச்செடி. 1931இல் கிறேஸ் பெம்பர்ற்றன் என்ற ரொறன்ரோப் பெண்மணி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு அரிசோனாப் பாலைவனத்துக்குப் போனார். பல வருஷம் மழை காணாத ஒரு பள்ளத்தாக்கில் அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவருடைய கார் மண்ணில் புதையவில்லை, பூவில் புதைந்தது. இழுத்தெடுக்க இரண்டு கோவேறு கழுதைகள் வந்தன. நாள் முழுக்கப் பூவுக்குள் நின்ற கழுதைகள் ஒரு இதழைக்கூடக் கடிக்கவில்லை. லூப்பின் நஞ்சு என்பது கழுதைக்கும் தெரியும். அம்மையார் ஒரேயொரு செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்தார். பிறகு அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்டினார்கள். இப்போது அங்கே இருநூறு அடித் தண்ணீர் நிற்கிறது. அந்தப் பூவை வேறெங்கும் எவரும் கண்டதில்லை. அப்படி ஒன்று இந்தப் பூமியில் பூத்தது என்பதற்கு அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

பத்து மணிக்குள் கல்லூரி குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டது. துர்க்கா. செடிகளைத் தாளில் ஒட்டுவது அவளுடைய வேலை. விடுமுறையான திங்கட்கிழமை சிவப்பு உறை இருந்த அறையின் பூட்டு ஒரேயொரு தடவைதான் திறக்கப்பட்டிருந்தது, அதுவும் அவளுடைய அட்டையால். சிறிது நேரத்தில் அவள் தட்டையான எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியேறியதைக் கமரா கண்டிருந்தது. வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். காப்புறுதிக்காரரின் அறிக்கை புதன் மாலை ஐந்து மணிக்கு வரும். அது களவு என்று சொன்னால் விஷயம் பொலிசுக்குப் போகும்.

மே 20, புதன். காலை 10.30.

காப்புறுதிக் கொம்பனி அனுப்பிய விசாரணையாளர் யோகமலர், நகரின் வடக்கே மில்லிக்கனிலிருந்து வந்து இறங்கினார். வயது ஐம்பத்திரண்டு. குரலை உயர்த்தியதாக வரலாறு இல்லை. ஸ்காபறோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறை எரிந்தபோது, சாம்பலை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ரீவி இருக்கேல்லை" என்று எழுதியவர். வீட்டுக்காரர் அழுதுகொண்டே ரீவியை மைத்துனர் வீட்டிலிருந்து எடுத்து வந்தார்.

வாசலில் காவலாளி அகஸ்ரின் மறித்தான்.

"அன்ரி, பையுக்குள்ள என்ன?"

"கறிவேப்பிலை. அஜின்கோர்ட்டில வாங்கினனான்."

"உது உள்ளுக்குப் போகேலாது."

"நான் சமைக்க வரேல்லைத் தம்பி."

"பச்சிலையில பூச்சி முட்டை இருக்கும். ஒரு பூச்சி உள்ளுக்குப் போனாக் காணும், நூறு வருசத்துச் செடியெல்லாம் தூள். வெளியில இருந்து வாற இலை, தாள், எதெண்டாலும் அந்த உறைபெட்டியில ஏழு நாள் கிடந்துதான் உள்ளுக்குப் போகோணும். இஞ்ச இருந்து வீட்ட கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தாலும் அதே சட்டம். பிரதமர் வந்தாலும் ஏழு நாள்."

"அவரையும் போடுவீரோ?"

"எங்கட தலைவர் சேர் சொன்னாப் போடுவன்."

செடிகளைக் குளிரில் உறையவைத்துப் பூச்சி கொல்லும் அந்தப் பெட்டி நடைவழியில் இருந்தது. இறைச்சிக் கடையில் முழு ஆடு கிடத்துகிற பெட்டியின் அளவு. மூடியில் வாரத்தின் ஏழு நாட்களையும் வரிசையாக எழுதி, மீன் வடிவக் காந்தம் ஒன்றைத் திங்களின் மேல் நிறுத்தியிருந்தார்கள்.

"மீன் என்ன செய்யுது?"

"அது திறக்கிற நாள். பெட்டியை நிரப்பி மூடினால், அடுத்த கிழமை அதே நாள்தான் திறக்கலாம். இடையில ஆராவது திறந்தால் ஏழு நாளும் முதலில இருந்து."

"நேற்றுத் தேடேக்க இதைத் திறந்தவையோ?"

"உதை மட்டும் தொடேல்லை அன்ரி. நிர்வாகத்து ஆக்கள் மூடியில கை வைக்க, துர்க்கா அக்கா, ஆராய்ச்சி செய்யிற பிரவீண், சேர், மூண்டு பேரும் குறுக்க விழுந்தமாதிரி நிண்டிட்டினம்."

களவு என்று குற்றம் சாட்டப்பட்டவளும் சேர்ந்து குறுக்கே நின்றிருக்கிறாள். யோகமலர் கறிவேப்பிலையை அகஸ்ரினிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பாதிதான் திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

காலை 10.50.

காப்பகத்தின் தலைவர் பேராசிரியர் ஸ்ரீதரன். நாற்பது வருஷ உத்தியோகம், அடுத்த மாதம் ஓய்வு. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் தனியாக இருந்தார். லிப்ட் பழுதாகி நின்ற ஒரு கோடையில் மேலே ஏறியவர் அடுத்த கோடையில்தான் இறங்கினார் என்று அகஸ்ரின் சொல்வான். அவருடைய அறையில் ஒரு யன்னல் போக நாலு சுவரும் நிலத்திலிருந்து கூரை வரை அலுமாரி. ஆணி அடிக்க ஒரு சாண் இடம் இல்லை. இடது பெருவிரலில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தார்.

"சேர், தாளைக் கடைசியாக் கண்டது எப்ப?"

"நாப்பது வருசமாக் காணுறன்."

"கடைசியா?"

"மாசத் தொடக்கத்தில இருக்கும்."

"துர்க்கா எடுத்திருப்பாவோ?"

பேராசிரியர் யன்னலைப் பார்த்தார். "நல்ல பிள்ளை."

கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல.

"விரலில என்ன?"

"றோசா முள்."

"அந்தப் பூவில அப்பிடி என்ன இருக்கு?"

அவர் திரும்பினார். முகத்தில் இருபது வருஷம் குறைந்தது.

"ஊதாப் பூ. ஒவ்வொண்டிலயும் ஒரு மஞ்சள் பொட்டு. தேனீ வந்துபோன பிறகு அந்தப் பொட்டு சிவப்பாப் போயிடும். அடுத்த தேனீ சிவப்பைக் கண்டால் கிட்ட வராமல் மற்றப் பூவுக்குப் போயிடும். பூ தேனீயோட கதைக்குது. இலை கைவிரல் விரிச்ச மாதிரி. காலமை கிழக்கைப் பாக்கும், பின்னேரம் மேற்கைப் பாக்கும். சூரியனை விட்டுக் கண் எடுக்காது. விதைத்தோல் கல்லு மாதிரி. மழை வருமட்டும் மண்ணுக்குள்ள கிடக்கும். எத்தினை வருசம் கிடக்கும் எண்டு ஒருதருக்கும் தெரியாது."

காப்புறுதித் தொழிலில் இருபது வருஷம் இருந்த யோகமலரை எதுவும் ஆச்சரியப்படுத்தியதில்லை. இப்போது பேனா தாளில் நின்றுவிட்டிருந்தது. அதை அவர் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் கவனித்தார்.

காலை 11.20.

பிரவீண் கோயம்புத்தூர்க்காரன். லூப்பின் மரபணுக்களை ஆராய்கிறவன்.

"உங்கட கட்டுரைக்கு அந்தத் தாள் எதிராப் போகும் எண்டு கேள்விப்பட்டன்."

"போகலாம் மேடம். தாள் இருந்தா என் கட்டுரை தப்பாயிடலாம். தாள் இல்லேன்னா கட்டுரையே இல்ல. ரெண்டுலயும் எனக்குத் தூக்கம் போச்சு."

"திங்கள் வந்தனீங்கள்."

"சாயங்காலம். மெஷின்ல சாம்பிள் ஓடிட்டு இருந்துச்சு. சைக்கிள்ல வந்தேன், நூடுல்ஸ் சாப்பிட்டேன், போனேன். மேடம், துர்க்கா எடுக்கல. அவங்க ஒரு புல்லைத் தொடுறதுக்கே மூணு தடவை கை கழுவுவாங்க."

காலை 11.45.

அகஸ்ரின் கமராப் பதிவைப் போட்டுக் காட்டினான். கமரா ஏழு நாளுக்கு மேல் எதையும் ஞாபகம் வைத்திருக்காது. பழையது தானாக அழிந்துவிடும். ஆகவே நேரே திங்கட்கிழமை.

9.20. பேராசிரியர் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார். பத்து மணிக்கு வெறுங்கையோடு போகிறார்.

1.30. துர்க்கா வெறுங்கையோடு வருகிறாள். 2.10. தட்டையான மட்டையை அணைத்தபடி போகிறாள். முகம் தெரியவில்லை.

5.00. பிரவீண் தலைக்கவசத்தோடு வருகிறான். தலைக்கவசத்தோடு போகிறான்.

"2.10ஐ எத்தினை தரம் பாத்தவை?"

"ஐம்பது தரம் பாத்திருப்பினம்."

"9.20ஐ?"

"அதில என்ன அன்ரி இருக்கு? அவர் உள்ளுக்கெல்லோ வாறார்."

மதியம் 12.15.

துர்க்கா உள்ளே வரக்கூடாது என்பதால் யோகமலர் வெளியே மர வாங்கில் அவளோடு உட்கார்ந்திருந்தார். யுனிவேர்சிற்றி அவெனியூப் பக்கமிருந்து ஈழப் போரை நிறுத்தக் கேட்டு ரோட்டில் நின்ற தமிழ்ச் சனத்தின் சத்தம் வந்து வந்து போனது. இரண்டு நாளாக அதில் கோஷம் குறைந்து அழுகை கூடியிருந்தது.

"சிவப்பு உறையைக் கடைசியா எப்ப பாத்தனீர்?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்ரி. எல்லாம் சரிபாத்துத்தான் பூட்டினனான்."

"பூவைப் பாத்தனீரோ, உறையைப் பாத்தனீரோ?"

துர்க்கா வாயைத் திறந்து, மூடி, "உறையை" என்றாள்.

"திங்கள் ஏன் வந்தனீர்?"

"காலமை சண்டை முடிஞ்சுது எண்டு ரேடியோவில சொல்லிப்போட்டாங்கள். வீட்டில இருக்கேலாமல் போச்சு. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் வேலைக்கு வந்தன். அந்த அறைக்குள்ள மட்டைத் தாள் இருக்கு. ஒண்டை எடுத்தன். மட்டைக்குக் காசு கட்டுறன் எண்டு நேற்றே சொன்னனான்."

அவள் பையிலிருந்து அதை எடுத்தாள். தடித்த வெள்ளை மட்டை. நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதரின் படம், செடி ஒட்டும் பசையால், நாலு மூலையும் பிசகாமல் ஒட்டியிருந்தது. வலது கீழ் மூலையில் சின்னச் சீட்டு. தியாகலிங்கம். கடைசியாகக் கண்ட இடம், புதுமாத்தளன். கண்டவர், பக்கத்து வீட்டுச் சிவபாதம். மாசி, 2009.

"ரோட்டில எல்லாரும் பெரிய எழுத்தில எழுதிக்கொண்டு நிண்டவை" என்றாள் துர்க்கா. "அப்பாவுக்கு எழுதேக்க எனக்குக் கை இப்பிடித்தான் போகுது."

யோகமலர் மட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அப்பா உயிரோடு ஏதாவது அகதி முகாமில் இருந்தால் கனடாவுக்குக் கூப்பிடலாம். கூப்பிடுவதற்குத் துர்க்காவுக்கு வேலை வேண்டும், பொலிஸ் பதிவும் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டும் இன்று ஐந்து மணிக்கு யோகமலர் எழுதப்போகும் ஒரு வரியில் தொங்கின. இதைத் துர்க்கா சொல்லவில்லை. சொல்லாததால் இன்னும் பாரமாக இருந்தது.

"ஒண்டு சொல்லும். உறைபெட்டியைக் கடைசியா எப்ப நிரப்பினனீர்?"

"போன வியாழன். பெரு நாட்டில இருந்து வந்த செடிக் கட்டு. நாளைக்குத் திறக்கோணும். நான் இல்லாட்டி ஆர் திறப்பினமோ தெரியேல்லை."

யோகமலர் எழும்பினார்.

"வாரும். அகஸ்ரினிட்ட நான் சொல்லுறன்."

மதியம் 1.00.

நாலு பேரும் உறைபெட்டியைச் சுற்றி நின்றார்கள். யோகமலர் மூடியில் கை வைத்தார்.

"இதைத் திறக்கப் போறன்."

"அன்ரி, வேண்டாம். நாளைக்கு வரைக்கும் பொறுங்கோ" என்று பதறினாள் துர்க்கா. தன் தலை போகிற நேரத்திலும் பெருவின் செடிகளுக்காக அவள் கும்பிட்டாள்.

"நாளைக்கு இல்லீங்க, திங்கள்னு போட்டிருக்கே" என்றான் பிரவீண்.

துர்க்கா மீனைப் பார்த்தாள். பிரவீண் துர்க்காவைப் பார்த்தான். பேராசிரியர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"வியாழன் நிரப்பின பெட்டி வியாழன் திறக்கோணும்" என்றார் யோகமலர். "மீன் திங்களில நிக்குது. அப்ப ஆரோ திங்கட்கிழமை இதைத் திறந்து, எதையோ உள்ளுக்கு வைச்சு, ஏழு நாளையும் முதலில இருந்து தொடக்கியிருக்கினம். விடுமுறை நாள். தபால் வராத நாள். என்ன வந்தது?"

அவர் மூடியைத் தூக்கினார். வெண்புகை எழுந்து அடங்கியது. பெரு நாட்டுக் கட்டின் மேல் உறைபனி பஞ்சாகப் பூத்திருந்தது. அதன்மேல் பிளாஸ்ரிக்கில் சுற்றிய தட்டையான பொதி ஒன்று. அதில் பனி இன்னும் மூச்சுப்பட்ட கண்ணாடி அளவுதான்.

"பிளாஸ்ரிக்கைப் பிரிக்காதேங்கோ, ஈரம் பிடிச்சிடும்" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

பிரிக்கவில்லை. பிளாஸ்ரிக்குக்குள்ளால் தெரிந்தது போதுமாக இருந்தது. எழுபத்தெட்டு வருஷம் பழைய ஊதா நிறம், பழைய மை போல. ஒவ்வொரு பூவிலும் பொட்டு. சிலதில் மஞ்சளின் சாயல், சிலதில் சிவப்பு. பெம்பர்ற்றன் அம்மையார் பிடுங்கிய அன்று எந்தப் பூவுக்குத் தேனீ வந்து போயிருந்தது, எந்தப் பூ இன்னும் காத்திருந்தது என்பது அந்தத் தாளில் அப்படியே இருந்தது. அகஸ்ரின் தொப்பியைக் கழற்றினான்.

"எல்லாரும் வெளிய போன மட்டையைத் தேடினவை" என்றார் யோகமலர் மெதுவாக. "தாள் ஏழு நாளுக்கு முதலே வெளிய போயிட்டுது. கமராவும் மறந்திட்டுது. திங்கள் அது திரும்பி வந்தது. கள்ளன் கொண்டுவந்து நேரே அலுமாரியில வைச்சிருந்தால் செவ்வாய்க்கிழமை ஒருதருக்கும் ஒண்டும் தெரிஞ்சிராது. ஆனா இந்தக் கள்ளனால அது ஏலாது. வெளிய போய் வந்த தாளை ஏழு நாள் உறைய வைக்காமல் உள்ளுக்கு வைக்க அவற்ர கை போகாது. களவெடுக்கேக்கயும் சட்டம் பிழைக்காத ஆள். வெளி ஆள் இல்லை. இந்த இடத்து ஆள். திங்கள் துர்க்கா வெறுங்கையோட வந்தா. பிரவீண் தலைக்கவசத்தோட வந்தார். தட்டையா ஒண்டைக் கொண்டுவந்தது ஒரு ஆள்தான். ஒரு படம். சேர், அந்தப் படம் எந்தச் சுவரில தொங்குது?"

பேராசிரியர் பிளாஸ்ரர் ஒட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"காயெல்லாம் பிளேட்டால கீறித் திரும்ப ஒட்டியிருக்கு. உள்ள விதை இல்லை. கல்லு மாதிரித் தோலெண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். முளைக்க வைக்கிறதெண்டால் தோலையும் கீறோணும், விரலும் வெட்டுப்படும். பதினேழாம் மாடியில றோசா முள் எங்கால?"

"அஞ்சு விதை" என்றார் ஸ்ரீதரன். குரல் ஒரு பிள்ளையினது போல இருந்தது. "இஞ்ச வைச்சுக் கீறினால் ஆராவது கண்டிடுவினம். அதாலதான் வீட்ட கொண்டுபோனன். எத்தினை மாசமா ரேடியோவில சாவு. இஞ்ச வந்தால் அலுமாரியிலயும் செத்ததுகள். ஒண்டையாவது எழுப்பிப் பாப்பமெண்டு நினைச்சன். அடுத்த திங்கள் ஒருதருக்கும் தெரியாமல் எடுத்து அலுமாரியில வைச்சிருப்பன். அரிசோனாக்காரன் ஒரு கிழமை முந்தி வந்திட்டான். இனித் திங்கள் வேற அலுமாரியில கண்டெடுத்தன் எண்டு சொல்லலாமெண்டு இருந்தன்."

"நேற்றே இதைத் திறந்திருக்கலாமே சேர்" என்றாள் துர்க்கா. "என்னைப் பையைத் திறந்து காட்டச் சொல்லேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்."

"ஒரு நாள்தானே ஆகியிருந்தது. பூச்சி..." என்று தொடங்கியவர் அதோடு நின்றார். ஒரு பெண்ணை ஏழு நாள் கள்ளியாக நிற்கவிடத் துணிந்தவருக்கு, ஒரு மூடியை ஒரு நிமிஷம் தூக்கத் துணிவு வரவில்லை. தான் செய்தது என்ன என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கியது.

மாலை 3.40. சென் ஜேம்ஸ் ரவுண்.

பேராசிரியர் யோகமலரையும் துர்க்காவையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்; லிப்ட் வேலை செய்தது. பதினேழாம் மாடியில், சமையல்கட்டுக்குப் பக்கத்தில் மேற்கு யன்னல். யன்னலடியில் ஒரு மாஜரீன் டப்பா, நிறைய மணல்.

"முதல் பாருங்கோ" என்று கெஞ்சினார் ஸ்ரீதரன். "பிறகு கல்லூரிக்குப் போன் அடிக்கிறன். இப்ப அடிச்சால் வந்து கொண்டுபோயிடுவினம்."

யோகமலர் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. துர்க்கா மட்டும் வாசலிலேயே யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"போன் எடுங்கோ சேர்."

"பிள்ளை, எழுபத்தெட்டு வருசம்..."

"போன்."

அவர் எடுத்தார். எண்களை அழுத்தினார். தன் பெயரைச் சொன்னார். தாளைத் தானே எடுத்ததாகச் சொன்னார். அந்தப் பக்கம் நம்ப மறுத்தார்கள்போல, மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தரம் துர்க்காவின் பெயரையும் சேர்த்து, அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உரத்துச் சொன்னார். அவ்வளவு நேரமும் துர்க்கா எதிர்வீட்டுக் கதவின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போனை வைத்த பிறகுதான் திரும்பினாள்.

மணலில் பெருவிரல் உயரத்துக்கு ஒரு பச்சை. அடியில் தடித்த இரண்டு விதையிலைகள். அதற்குமேல் ஒரேயொரு இலை, பிறந்த குழந்தை கையை விரித்ததுபோல. பள்ளத்தாக்கு நீருக்கடியில் போய், அதைக் கண்டவள் செத்து, உலகத்தில் எத்தனையோ போர்கள் தொடங்கி முடிந்த பிறகு, அந்தக் கை விரிந்திருந்தது. அவர் போனில் பேசத் தொடங்கியபோது இலை தெற்கே பார்த்திருந்தது என்றும், பேசி முடித்தபோது மேற்கே ஒரு விரல் அளவு திரும்பியிருந்தது என்றும் யோகமலர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். சாம்பலில் ரீவி இல்லாததைக் கண்டவரின் சத்தியம், மறுத்துப் பேச ஆளில்லை.

துர்க்கா கிட்ட வந்தாள். குனிந்தாள். தொடவில்லை.

யோகமலர் யன்னல் விளிம்பில் வைத்தே அறிக்கையை எழுதினார். இழப்பு இல்லை. ஊழியர் களவு இல்லை. நாலு ஐம்பதுக்கு அனுப்பினார்.

"மற்ற நாலு விதையும் எங்க சேர்?" என்று துர்க்கா கேட்டாள். கோபம் போகவில்லை, குரலில் அப்படியே இருந்தது.

"அதே மணலுக்குள்ளதான். இன்னும் ஒண்டையும் காணேல்லை. செத்துப்போச்சோ, கிடக்குதோ, தெரியேல்லை."

"தோண்டிப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"தோண்டாதேங்கோ" என்றாள் துர்க்கா. மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, யன்னலடியில் சப்பணம் கட்டி இருந்தாள். "பொறுத்துப் பாப்பம்."